மாற்றி அனுப்பிய கை

ஜூன் 8

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

அண்ணி எழுதுவது. வந்து சேர்ந்தேன், கால் மட்டும் என்னுடையது போல இல்லை, மற்றபடி சுகம். நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவைக் காணோம் என்று குட்டி அழுதாளா? அழுதிருந்தாலும் எழுது, அழாவிட்டாலும் எழுது. எது என்றாலும் எனக்கு வருத்தம்தான்.

படிப்பின் பெயர் பெரிது, எலும்பியல் தொழில்நுட்பர். வேலை என்னவென்றால் மாவுக்கட்டுப் போடுவது, மாவுக்கட்டை அறுப்பது, உடைந்த காலுக்கு எடை கட்டித் தொங்கவிடுவது. காலை எட்டு மணிக்கு நின்றால் ஐந்துக்குத்தான் உட்காருகிறோம். மாவுத் தூள் மூக்கில், முடியில், தேநீரில். மாவுக்கட்டு அறையின் பொறுப்பாளர் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நான் அவளை மேடம் என்கிறேன், அவள் என்னை அக்கா என்கிறாள். யார் யாருக்குப் பயப்படுவது என்று இரண்டு பேருக்கும் இன்னும் தெரியவில்லை.

முதல் பாடம் இதுதான்: ஈரத் துணியைச் சுற்றும்போது உள்ளங்கையால்தான் அழுத்த வேண்டும். விரல் நுனி பட்டால் அந்த இடம் குழிந்து அப்படியே காய்ந்து, உள்ளே சதையைக் குத்தும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும், யாருக்கும் தெரியாது. நான் போட்ட முதல் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மேடம், "பரவாயில்லக்கா" என்றாள். பாராட்டா, திட்டா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பத்து நாளுக்கு மேல் வராமல் போனால் பெயரை அடித்துவிடுவார்களாம். முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நர்ஸ் படிப்பை உன் அம்மா படுக்கையில் விழுந்தபோது விட்டேன். லேப் படிப்பை உன் அண்ணன் தவறிப்போனபோது விட்டேன். இது மூன்றாவது. முப்பத்தெட்டு வயதுக்காரியைச் சேர்த்துக்கொண்ட படிப்பு இது ஒன்றுதான், இனி ஒன்று வராது. டிசம்பர் கடைசியில் தேர்வு.

உன் கடை போனில் கூப்பிட மாட்டேன். முதலாளி பக்கத்திலேயே நின்று காது கொடுப்பார் என்றாயே. எழுதிக்கொள்வோம். குட்டிக்கு ரெட்டைச் சடை இறுக்கிப் பின்னாதே, தலை வலிக்கும் என்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

•

ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் குட்டியும் பரவாயில்லை. உங்கள் கால் வலி தேவலையா? ராத்திரி வெந்நீரில் வையுங்கள்.

குட்டி அழவில்லை. நான்தான் அழுதேன், அதை அவள் பார்த்துவிட்டு, "அத்த, அம்மா படிக்கத்தான போயிருக்கு, பதினோரு வயசு நானே அழல" என்றாள். உங்கள் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும்.

சலவைக் கடையில் பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்துவிட்டன. நாளுக்கு நூற்றைம்பது சட்டை தேய்க்கிறேன். பதினாலு வருஷமாக இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்காமல் மேசை விரிப்பைத் தேய்க்கிறது. நீங்கள் உள்ளங்கையால் அழுத்தச் சொன்னீர்களே, இதே அழுத்தம்தான். என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் தேறியிருப்பேன்.

விளையாட்டு இல்லாமல் ஒன்று சொல்கிறேன். இரண்டு தடவையும் எங்கள் வீட்டுக்காகத்தான் விட்டீர்கள். அம்மா சாகும்போது அதை என்னிடம் சொல்லித்தான் செத்தாள். இந்தத் தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். நான் இருக்கிறேன்.

உங்கள் நலத்துக்கு எழுதுங்கள்.

முந்திரிக்கொட்டை

•

ஜூலை 14
(எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்தது)

அண்ணி,

நலம் விசாரிக்க முடியவில்லை, மன்னியுங்கள். இடது கையால் எழுதுகிறேன். நாலு நாள் முன்பு கடைப் பின்கட்டில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு உடைந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் என்றார்கள். ரொம்ப வலிக்கிறது. அடுத்த மாசம் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

வேண்டாம். இதை அனுப்ப மாட்டேன்.

•

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். கடிதம் தாமதம், வேலை அதிகம். இங்கே எல்லாம் பரவாயில்லை. குட்டி முடியைக் கத்தரித்துக்கொண்டாள். பேன் தொல்லை. அழகாகத்தான் இருக்கிறது. எழுத்து இப்படி இருப்பதற்குப் பேனாதான் காரணம், மை கொட்டுகிறது. நன்றாகப் படியுங்கள்.

முந்திரிக்கொட்டை

•

ஆகஸ்ட் 11

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

உயிருடன் இருக்கிறேன். நீ இருக்கிறாயா? ஆறு வாரம் காத்திருந்து ஆறேழு வரிக் கடிதம் வருகிறது, அதுவும் கோழி கிளறிய குப்பை மாதிரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பேனாவை மாற்று.

எனக்கும் எழுதத் தெம்பில்லை. சுண்ணாம்பில் ஊறிய மாதிரி கையெல்லாம் வெடித்துவிட்டது. நேற்று ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். காய்ந்த மாவுக்கட்டை அறுக்கிற ரம்பம். அது சுற்றாது, அதிர மட்டும் செய்யும். கெட்டியானதை அறுக்கும், மெத்தென்று இருப்பதை விட்டுவிடும். ஆனால் போடுகிற சத்தம் இருக்கிறதே, பெரிய பெரிய ஆட்களெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதனால் முதலில் எங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் அறுக்க வேண்டும். எனக்கே முதலில் பயம்தான். பயமில்லாத மாதிரி சிரித்தேன், அந்த ஆள் நம்பிவிட்டார்.

குட்டி ஏன் முடியை வெட்டிக்கொண்டாள்? அந்தச் சடைக்காக என்னிடம் சண்டை போட்டவள் ஆயிற்றே. நீ கோபத்தில் ஏதும் செய்யவில்லையே? இந்தக் கடிதம் உன் கடிதம் போலவே இல்லை. நான் போனதில் வருத்தம் என்றால் அதையே எழுது, தாங்கிக்கொள்வேன்.

அடுத்த தபாலில் பதில் வேண்டும்.

அண்ணி

•

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தான். நீங்கள் சுகமா? வருத்தமெல்லாம் இல்லை. கை வெடிப்புக்கு எண்ணெய் தடவுங்கள். முடி தானே, வளரும். கடையில் இப்போது தேய்க்கிற வேலை இல்லை, மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அதுவே பரவாயில்லை. பேனா மாற்ற வேண்டும்.

முந்திரிக்கொட்டை

•

செப்டம்பர் 15

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு உடனே என் கதைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே சொல்லி அழ ஆள் இல்லை.

போன வாரம் ஒரு பெயின்டர் வந்தார். ஏணியிலிருந்து விழுந்து முன்கை முறிந்திருந்தது. மேடம் பார்த்துக்கொண்டிருக்க, கட்டு நான்தான் போட்டேன். நன்றாக வந்தது. சாயந்தரம் வார்டுக்குப் போய் ஒவ்வொருவரையும் பார்த்து எழுதிவிட்டு வர வேண்டும். நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், விரலை அசைக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒன்பது மணி நேரம் நின்றிருந்தேன். அவர் படுக்கை கடைசி. தூரத்திலிருந்தே கேட்டேன்.

"வலி எப்படிண்ணே இருக்கு?"

"பரவாயில்லம்மா. நீங்க போங்க, களைச்சுப் போயிருக்கீங்க."

"வலி இல்லை" என்று சீட்டில் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் விரலெல்லாம் நீலம், பந்து மாதிரி வீக்கம். மேடம் ரம்பத்தை எடுத்து நீளத்துக்கும் பிளந்தாள். அவர் அப்போதுதான் ஓவென்று கத்தினார். விரல் பிழைத்துவிட்டது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்காதாம். டாக்டர் முன்னால் நின்றேன். எழுத்துமூலம் எச்சரிக்கை. இன்னொன்று நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டாள், "அக்கா, அந்தாளு பரவாயில்லன்னுதான சொன்னாரு? வலி இல்லன்னா சொன்னாரு?" இரண்டும் ஒன்று என்று எப்படி நினைத்தேன்? உங்கள் வீட்டில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவள் நான். அந்தச் சொல்லின் அர்த்தம் என்னைவிட யாருக்குத் தெரியும்.

தூக்கம் வருவதில்லை. நாலு வரியாவது எழுது.

அண்ணி

•

செப்டம்பர் 29

முந்திரிக்கொட்டைக்கு,

என் எழுத்து எப்படி இருக்கிறது, பார்த்தாயா?

இன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் வலது கையில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். நாளைக் காலை வரை அப்படியே இருக்க வேண்டும். நோயாளி படுகிற பாடு தெரிய வேண்டுமாம். சாப்பிட, குளிக்க, தலை சீவ எல்லாம் இடது கை. சரி, உனக்கு ஒரு கடிதம் எழுதிச் சிரிக்க வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டு வரி எழுதிவிட்டுக் கையைத் தூக்கினேன். இடது கையின் ஓரமெல்லாம் மை. எழுதிய எழுத்து காய்வதற்குள் அதன் மேலேயே கை போகிறது. வரி முழுக்க வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. புள்ளிகள் பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன.

பெட்டியைத் திறந்து உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இழுவை. செப்டம்பர் கடிதத்திலும் அதே. ஜூன் கடிதத்தில் இல்லை. மை கொட்டும் பேனா துளித்துளியாகக் கொட்டும், ஒரே பக்கமாக இழுக்காது.

அப்புறம் வரிசையாக எல்லாம் வந்தது. தேய்க்கிற வேலை போய் மடிக்கிற வேலை. ஒற்றைக் கையால் சடை பின்ன முடியாது, அதனால் குட்டியின் முடி. நான்தான் உன்னிடம் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், நானும் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சத்தியம் எல்லாம் வேண்டாம். நீ எழுதுகிற எதையும் நம்பப் போவதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் வலது கையை வைத்து, விரலை முடிந்த மட்டும் விரித்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போடு. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை வரை வர வேண்டும். இன்னொரு தாளில் முஷ்டியை முடிந்த மட்டும் மூடிப் பக்கவாட்டில் வைத்து வரை. இரண்டையும் அனுப்பு.

அண்ணி

•

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட இரண்டு படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். பாருங்கள், விரல் விரிகிறது, முஷ்டி மூடுகிறது. ஜூலையில் லேசாகச் சுளுக்கிக்கொண்டது உண்மைதான். எப்போதோ சரியாகிவிட்டது. சும்மா பயந்து படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கை பரவாயில்லை.

முந்திரிக்கொட்டை

•

அக்டோபர் 16

முந்திரிக்கொட்டைக்கு,

பெண்ணை மாற்றிக் காட்டிக் கல்யாணம் முடித்த கதை கேட்டிருக்கிறேன். கையை மாற்றிக் காட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன். யாருடைய கை இது? உன்னோடு துணி துவைக்கிற பெண்ணுடையதா?

நான் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று வாசலில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ ஒருத்திதான் முந்திக்கொண்டு வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். அன்றைக்குத்தான் உன் அண்ணன் உன் பட்டப்பெயரை எனக்குச் சொன்னார். அந்த வலது கையின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து என் உள்ளங்கையைக் குத்திக்கொண்டே இருந்தது. நீ அனுப்பிய படத்தில் சுண்டுவிரல் ஈர்க்குச்சி மாதிரி நேராக நிற்கிறது.

கோபமாக இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் ஒரு வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டே "பரவாயில்ல, வாயுதான்" என்றார். நான் நம்பினேன். பெயின்டர் சொன்னார், நம்பினேன். நீ நாலு மாசமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய், நம்பினேன். மூன்று பேரிடம் ஏமாந்தாகிவிட்டது. உன் அண்ணனுக்கு அடுத்தபடி அந்த வீட்டில் எனக்கு இருப்பது நீதான். உன்னையும் அந்தச் சொல்லுக்குக் கொடுக்க மாட்டேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைப் பிரித்த பிறகு விரலை அசைக்காமல் வைத்திருந்தால் கை விறைத்துப் போகும், நாள் ஆக ஆகக் கஷ்டம் என்றாள். "இப்பவே வந்தா முக்கால் கையாவது மீட்டுரலாம்க்கா. பொங்கல் கழிச்சு தை மாசம் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

நான் கிளம்பி வந்தால் என் இடம் போகும். அதற்குத்தானே நீ பயந்தாய்? வர மாட்டேன். நீ வா. செவ்வாயும் வெள்ளியும் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மணிக்கட்டைத் தாங்கும் பட்டையை நானே செய்வேன், மேடம் சரிபார்ப்பாள். என் அறையில் ஒரு கட்டில் காலி, விடுதிக்காரம்மாவிடம் பேசிவிட்டேன். குட்டியையும் தீபாவளி லீவில் கூட்டிக்கொண்டு வா.

வராவிட்டால் நான் பெயரை அடித்துக்கொண்டு வருவேன். இதை மட்டும் நம்பு.

அண்ணி

•

அக்டோபர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கம்போல எழுதிவிட்டிருப்பேன்.

இத்துடன் இருப்பது என் கைதான். தாளில் படிய வைக்க முடியவில்லை, அதனால் கட்டைவிரல் பக்கம் கோடு அறுந்திருக்கிறது. மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, அது நான் தப்பாக வரைந்ததால் இல்லை. முஷ்டி அவ்வளவுதான் மூடுகிறது. நடுவில் ஒரு முட்டையை வைக்கலாம். சுண்டுவிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது மட்டும் பழைய மாதிரியே கோணல்.

அனுப்பாத ஒரு கடிதம் இருந்தது, ஜூலை மாதத்தது. அதையும் வைத்திருக்கிறேன். அன்றைக்கே போட்டிருந்தால் நீங்கள் மறுநாளே பஸ் ஏறியிருப்பீர்கள். அதனால் போடவில்லை. தப்பா சரியா என்று இன்னும் தெரியவில்லை. கட்டைப் பிரித்த டாக்டர் விரலை அசைக்கச் சொன்னார். அசைத்தால் உயிர் போனது. அசைக்காமல் துணிக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். துவைக்கிற பெண்ணின் கையைக் கேட்டு வாங்கி வரைந்தபோது குட்டி பக்கத்திலேயே நின்றாள். "அம்மா கண்டுபிடிச்சிரும் அத்த, அது இப்ப கை படிக்குது" என்றாள்.

இப்போது எழுதுகிறேன். முதல் தடவையாக எழுதுவதால் கொஞ்சம் தடுமாறும். வலிக்கிறது அண்ணி. காலையில் எழுந்ததும் வலிக்கிறது. சட்டைப் பொத்தான் போடும்போது வலிக்கிறது. குட்டிக்குத் தலை சீவ முடியாமல் அவளே போய் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாளே, அன்றைக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. பதினாலு வருஷம் தேய்த்த கை, இனி பெட்டியைத் தூக்காதோ என்று பயமாக இருக்கிறது. முக்கால் கை போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்ஸில் வந்து இறங்குகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். இறங்கியதும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிடாதீர்கள். பழக்கதோஷம், பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். பேசாமல் கையைப் பிடித்துப் பாருங்கள்.

உங்கள்
முந்திரிக்கொட்டை